பறவைக் கூட்டுக் கேமராவில் ஏதோ தப்பாகத் தெரிகிறதா? வல்லூறு நேரலை பார்ப்பவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

நகரத்துக் கட்டடங்களில் கூடு வைக்கும் பொரி வல்லூறுகளை நேரலையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரங்கள் நிம்மதி இருக்காது. முட்டையை விட்டுவிட்டுத் தாய் போய்விட்டதே, குஞ்சு அசையவே இல்லையே, ஆண் பறவையைக் காலையிலிருந்து காணோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்தப் பதற்றம் அக்கறையிலிருந்து வருவதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான நேரம் கோளாறு கடிகாரத்திலோ கேமராவிலோ நம் இணையத்திலோ இருக்கும். பறவை தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்.

அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இந்த வரிசையில் போங்கள். முதலில், கூடு இருக்கும் ஊரில் இப்போது மணி என்ன? அடுத்து, படம் உண்மையிலேயே ஓடுகிறதா? அப்புறம், முட்டைக்கோ குஞ்சுக்கோ இன்று எத்தனையாவது நாள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும் பறவைக்கு என்னவோ என்று யோசிக்கலாம்.

கீழே எடுத்துக்காட்டுக்கு இரண்டு கூடுகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் காம்பனீலி என்று எல்லோரும் அழைக்கும் 307 அடி மணிக்கூண்டு. அங்கே 2017இல் வல்லூறுகள் முதன்முதலில் குஞ்சு பொரித்தன, 2019இல் கேமரா வந்தது. இன்னொன்று, மெல்பர்ன் நகர மையத்தில் காலின்ஸ் தெரு 367ஆம் எண் அலுவலகக் கட்டடம். அங்கே 1991 முதல் வல்லூறுகள் கூடு வைத்து வருகின்றன.

படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது, பறவையின் கண் ஒளிர்கிறது

அங்கே இரவு, அவ்வளவுதான். இருட்டினால் கேமரா அகச்சிவப்பு விளக்குக்கு மாறிவிடும். அந்த ஒளி பறவையின் கண்ணுக்குத் தெரியாது, அதன் தூக்கமும் கெடாது.

கூடு வைக்கும் பருவத்தில் பெர்க்லி நேரம் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். மே மாதத்தில் அங்கே பகல் என்பது இந்திய, இலங்கை நேரப்படி ஏறக்குறைய மாலை 6.30 முதல் மறுநாள் காலை 8.45 வரை. அலுவலக இடைவேளையில் மதியம் திறந்து பார்த்துவிட்டு ஏமாந்து போவதற்கு இதுதான் காரணம். மெல்பர்ன் இதற்கு நேர்மாறு. அங்கே முட்டையிடுவது ஆகஸ்ட் கடைசியில், குஞ்சுகள் பறப்பது நவம்பரை ஒட்டி. செப்டம்பரில் அந்த ஊர் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதால் அது ஐந்தரை மணி ஆகிவிடும். காலையில் பார்த்தால் நல்ல வெளிச்சம் இருக்கும், பிற்பகல் 2, 3 மணியோடு அங்கே பொழுது சாய்ந்துவிடும்.

இரவில் பறவை திடீரென்று இரையோடு வந்தால் அதுவும் கோளாறில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் நகரத்து வல்லூறுகள் இரவிலும் வேட்டையாடும். இங்கிலாந்தின் டெர்பி கதீட்ரல் கேமராக்கள் அதைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கின்றன.

பறவை கொஞ்சமும் அசையவில்லை

பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, படத்தின் மூலையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். நொடி எண் ஓடுகிறதா? ஓடினால் படம் சரி, பறவை அடையில் இருக்கிறது. அடைகாக்கும் வல்லூறு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே உட்கார்ந்திருக்கும். முதுகு இறகு மூச்சுக்கு ஏறி இறங்குவது பெரிய திரையில் தெரியும், கைபேசியில் தெரியாது.

நொடி எண் நின்றுவிட்டால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். அப்போதும் நின்றிருந்தால் கோளாறு அவர்கள் பக்கம். நொடி ஓடுகிறது, ஆனால் நேரம் அந்த ஊர் மணியோடு ஒத்துப் போகவில்லையா? நீங்கள் பழைய இடத்தில் நிற்கிறீர்கள். யூடியூபில் நேரலைப் புள்ளி சாம்பல் நிறமாக இருக்கும், அதைத் தொட்டால் சிவப்பாகி நிகழ்காலத்துக்கு வந்துவிடும். நேரலையோடு ஓடும் அரட்டைப் பகுதியில், அதாவது சாட்டில், எல்லோரும் ஆரவாரம் செய்யும்போது உங்கள் திரையில் ஒன்றுமே நடக்காமல் இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

நேரலை இல்லை என்று வருகிறது

பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருப்பீர்கள். நேரலையை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது இணைப்பு மாறிவிடலாம், புதுப் பருவத்துக்குக் கட்டாயம் மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ இணைப்பை விட்டுவிட்டு சேனலின் முதல் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நேரலை இல்லை என்றால் மின்தடையாகவோ நெட்வொர்க் கோளாறாகவோ இருக்கலாம். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது யாரும் உடனே ஏறிச் சரிசெய்ய மாட்டார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் மங்கல்

முதலில் தர அமைப்பைப் பாருங்கள். மொபைல் டேட்டாவில் அது தானாகவே கீழே இறங்கிவிடும், கையால் 720க்கோ 1080க்கோ ஏற்றுங்கள். அது சரியாக இருந்தும் மங்கல் என்றால் பனிமூட்டமாக இருக்கலாம், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய பெர்க்லிக்கு அது வழக்கம். இரவில் மட்டும் வெள்ளைக் கோடுகள் ஆடினால் கேமரா முன்னால் சிலந்தி வலை. படத்தின் ஒரு பகுதி மட்டும் வெள்ளையாக மறைந்திருந்தால் எச்சம். குஞ்சுகள் பின்னால் நகர்ந்து வந்து எச்சத்தைத் தூரமாகப் பீய்ச்சும். கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் நல்ல பழக்கம், அந்தத் திசையில் கேமரா நிற்பதுதான் சிக்கல். மழை கழுவும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

முட்டை தனியாகக் கிடக்கிறது, யாரும் அடைகாக்கவில்லை

சாட்டில் அதிகம் பேரைக் கலங்க வைப்பது இதுதான். இதற்கு மருந்து, முட்டைகளை எண்ணுவது.

வல்லூறு பொதுவாக மூன்று அல்லது நான்கு முட்டை இடும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நாள் இடைவெளி. கூட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் முழு அடை இன்னும் தொடங்கவில்லை. தாய் பக்கத்தில் நிற்கும், கொஞ்ச நேரம் மேலே உட்காரும், எழுந்து போகும். ஒரு இரவு முழுக்க வெறுமனே விட்டாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சூடு ஏறும்வரை உள்ளே கரு வளரவே தொடங்காது. மூன்றாவது முட்டையை ஒட்டித்தான் ஆணும் பெண்ணும் மாறி மாறி விடாமல் உட்காரத் தொடங்கும். இப்படிக் காத்திருப்பதால்தான் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியே வருகின்றன.

மூன்றோ நான்கோ இருந்து, முழு அடை தொடங்கிய பிறகு தனியாக விட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். முறை மாறும்போது சில நிமிட இடைவெளி சாதாரணம். வெயில் நேரத்தில் அரை மணி கூடப் பரவாயில்லை. குளிர்ந்த காலையில் மணிக்கணக்காக யாரும் வரவில்லை என்றால்தான் விஷயம். அப்போதும் சாட்டில் கேட்பதற்கு முன் நேரலையைப் பின்னால் ஓட்டிப் பாருங்கள். யூடியூப் 12 மணி நேரம் வரை பின்னால் போக விடும். கடைசியாக எழுந்து போனது ஆணா பெண்ணா, எந்த நேரம், சத்தமிட்டபடி பாய்ந்து போனதா, நிதானமாகப் போனதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாய்ந்து போயிருந்தால் வேற்று வல்லூறு எல்லைக்குள் வந்திருக்கும், அதை விரட்டப் போயிருக்கும்.

ஆண், பெண் எப்படித் தெரியும்? ஆண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது. ஆண் உட்கார்ந்தால் நான்கு முட்டையும் அடியில் அடங்காமல் ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதுவும் அறிகுறிதான், ஆனால் கெட்ட அறிகுறி இல்லை.

கூட்டில் சுள்ளியோ புல்லோ ஒன்றுமே இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. வல்லூறு கூடு கட்டாது. மணலிலோ சரளையிலோ நெஞ்சால் அழுத்தி ஒரு குழி பறிக்கும், அது போதும். குழி பறிக்க இடமில்லாமல் போனால்தான் தொல்லை. மெல்பர்னில் தொடக்கத்தில் கட்டட விளிம்பின் உலோகக் கால்வாயில் முட்டையிட்டது, அவை தேறவில்லை. சரளை போட்ட தட்டு வைத்த பிறகுதான் குஞ்சுகள் வந்தன. பெர்க்லியில் ஒரு மணல் மூட்டை மேல் இட்டுவிட்டது, அங்கேயும் சரளைத் தட்டு வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

முட்டை உடைந்திருந்தால் பெற்றோரே அதைத் தின்றுவிடும். அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் ஒன்று உடைந்ததை வைத்து மற்றவற்றுக்குப் பயப்பட வேண்டாம். டிடிடி பூச்சிக்கொல்லி புழங்கிய காலத்தில்தான் ஓடு மெலிந்து, உட்காரும் தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1970இல் கலிஃபோர்னியா முழுவதிலும் தெரிந்தவரை கூடு வைத்தவை இரண்டே இணைகள். அமெரிக்கா 1972இல் டிடிடியைத் தடை செய்தது, 1999இல் பொரி வல்லூறு அங்கே அழிவு அபாயப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. நான்கு முட்டையும் முழுசாக இருக்கும் கூட்டைத் திரையில் பார்க்கும்போது எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வரும்.

நாள் கடந்தும் பொரிக்கவில்லை

முதல் முட்டையிலிருந்து எண்ணியிருப்பீர்கள். முழு அடை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள், ஏறக்குறைய 33 நாள். அந்த நாள் நெருங்கும்போது தாய் முட்டை மேல் அழுத்தி உட்காராமல் கொஞ்சம் தூக்கலாக நின்று அடிக்கடி கீழே பார்க்கும். உள்ளிருந்து குஞ்சு கத்துவது அதற்குக் கேட்கும். ஓட்டில் ஒரு சின்ன விரிசல் விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர ஒன்றிலிருந்து மூன்று நாள்கூட ஆகலாம். இடையில் ஓய்வெடுத்து ஓய்வெடுத்துத்தான் அது ஓட்டை உடைக்கும்.

ஒரு முட்டை மட்டும் பொரிக்காமல் நிற்பது அடிக்கடி நடப்பது. பெற்றோர் அதையும் சேர்த்தே அணைத்துக்கொண்டிருக்கும், பிறகு அந்த முட்டை ஓரத்தில் ஒதுங்கிவிடும்.

ஒரு குஞ்சுக்கு மட்டும் தீனி கிடைக்கவில்லை

பார்ப்பவர்களை அழ வைக்கும் காட்சி இது. நாலு வாய் திறந்திருக்கும், தாய் இரண்டுக்கே கொடுக்கும், சின்னது பின்னால் தள்ளாடும். ஒரு தீனி வேளையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் முழுவதையும் பாருங்கள்.

தாய் யாரையும் ஒதுக்குவதில்லை. முன்னால் வந்து நன்றாகத் திறக்கும் வாய்க்குக் கொடுக்கும். அது நிரம்பியதும் தூங்கிவிடும், அடுத்த முறை பின்னால் இருந்தது முன்னால் வரும். இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது: குஞ்சின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே இருக்கும் தீனிப்பையைப் பாருங்கள். அங்கே புடைப்பு இருந்தால் சாப்பிட்டுவிட்டது, நீங்கள் பார்க்காதபோது. புடைப்போடு இருக்கும் குஞ்சு வாயைத் திறக்காது, அதைப் பார்த்துப் பட்டினி என்று தவறாக எண்ணிவிடுகிறோம்.

பொரித்த முதல் நாளில் குஞ்சுக்குப் பெரிதாகத் தீனி வேண்டியதில்லை, மஞ்சள் கருவின் மிச்சம் அதன் வயிற்றில் இருக்கும். நான்காவது குஞ்சு மற்றவற்றைவிட ஒன்றிரண்டு நாள் பின்னால் வந்திருக்கலாம், அந்த வயதில் அது பெரிய வித்தியாசம். இன்னொன்று, பெண் குஞ்சுகள் வேகமாகப் பருக்கும். மூன்றாவது வாரத்தில் சின்னதாகத் தெரியும் குஞ்சு நோஞ்சானாக இல்லாமல் வெறும் ஆணாகவே இருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது எப்போது? இரண்டு மூன்று வேளை தொடர்ந்து தீனிப்பை வெறுமையாக இருந்து, குஞ்சு தலையைத் தூக்கவும் முயலவில்லை என்றால் அது உண்மையான சரிவு. அப்போதும் பெரும்பாலும் யாரும் தலையிட மாட்டார்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டமும், விக்டோரியா மாநிலத்தில் 1975ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டமும் இந்தப் பறவைகளைக் காக்கின்றன. அனுமதி இல்லாமல் யாரும் கூட்டில் கை வைக்க முடியாது. அதைவிட முக்கியம், ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் மற்ற மூன்றும் பயந்து விளிம்பிலிருந்து விழுந்துவிடக்கூடும். இந்தக் கட்டுப்பாடு சரியானதுதான் என்று நான் நம்புகிறேன், பார்க்க எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும்.

குஞ்சு குப்புறக் கிடக்கிறது

வயிறு நிறைந்த குஞ்சு அப்படித்தான் தூங்கும். முகம் சரளையில் பதிந்து, கால் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். ஐந்து நிமிடம் பாருங்கள், மூச்சு தெரியும், அல்லது பக்கத்துக் குஞ்சு மிதித்ததும் நகரும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெயில். பறவைக்கு வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தாய் இறக்கையை விரித்து நிழல் கொடுக்கிறதா என்று பாருங்கள். மெல்பர்ன் கூட்டில் வெயில் நேரடியாக விழும் நாள்களில், நடக்கத் தெரிந்த குஞ்சுகள் தட்டிலிருந்து இறங்கி விளிம்பின் கால்வாய் வழியாக நிழல் தேடிப் போய்விடும். தட்டு காலி, சாட்டில் கலவரம். குஞ்சுகள் படத்துக்கு வெளியே சில அடி தள்ளி நிம்மதியாகப் படுத்திருக்கும்.

மூன்று வாரத்தில் வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து அங்கங்கே பழுப்பு இறகு முளைக்கும்போது சொறி பிடித்தது போலத் தெரியும். அது நோயில்லை. அதே சமயத்தில் யாரோ வந்து குஞ்சுகளை எடுத்துப் போய்க் கொஞ்ச நேரத்தில் திருப்பி வைத்தால், காலில் அடையாள வளையம் மாட்டுகிறார்கள். நான்கு வாரத்துக்கு மேல் அதையும் செய்ய மாட்டார்கள், பயந்து குதித்துவிடும்.

குஞ்சைக் காணோம்

வயதைக் கணக்குப் போடுங்கள். 38 நாளுக்குக் கீழே என்றால் கேமராவுக்கு நேர் கீழே, சுவரோரம், தூணுக்குப் பின்னால் என்று படத்தில் விழாத இடங்களை முதலில் நினையுங்கள். இரண்டாவது கேமரா இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். 38 முதல் 45 நாளுக்குள் என்றால் பறந்திருக்கும். ஆண் குஞ்சுகள் சில நாள் முந்திப் பறக்கும்.

முதல் பறத்தலுக்குப் பிறகு குஞ்சு கூட்டுக்குத் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். பெற்றோர் பக்கத்துக் கூரைகளிலேயே வைத்துத் தீனி கொடுக்கும். ஆபத்தும் உண்மைதான். பெர்க்லியின் முதல் இரண்டு குஞ்சுகளில் லக்ஸ் என்பது 2017இல் பறக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி இறந்தது. அதனால்தான் அந்த வாரத்தில் தன்னார்வலர்கள் தரையில் நின்று கண்காணிக்கிறார்கள். கேமரா காட்டாததை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள், அவர்களுடைய பதிவுகளைப் பின்தொடருங்கள்.

இணையைக் காணோம், அல்லது வேறு பறவை வந்திருக்கிறது

அரை நாள், ஒரு நாள் காணோம் என்பது செய்தியே இல்லை. 2022 பிப்ரவரி கடைசியில் பெர்க்லியின் பெண் பறவை ஆனி ஏறக்குறைய ஒரு வாரம் வரவில்லை. பல ஆண்டுகளாகக் கண்காணித்தவர்களே அது போய்விட்டது என்று நினைத்தார்கள். மார்ச் தொடக்கத்தில் திரும்பி வந்து எப்போதும்போல் கூட்டில் நின்றது.

அதே மாதக் கடைசியில், முட்டையிடும் பருவத்தில், அதன் இணை கிரினல் இறந்துவிட்டது. மார்ச் 31 அன்று பெர்க்லி நகரத்துத் தெருவில் கிடைத்தது, வண்டி மோதியிருக்கலாம். முந்தைய அக்டோபரில் வேற்று வல்லூறுகளோடு சண்டையிட்டுக் காயப்பட்டு, சிகிச்சை பெற்று மீண்டு வந்த பறவை அது. எல்லோரும் அந்தப் பருவம் முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் அன்றே ஒரு புது ஆண் வந்து சேர்ந்தது. பிறகு ஆல்டன் என்று பெயர் பெற்ற அந்தப் பறவை கிரினலின் முட்டைகளை அடைகாத்தது, பொரித்த குஞ்சுகளுக்கு இரை கொண்டு வந்தது.

ஆகவே புதுப் பறவை தெரிந்தால் காலைப் பாருங்கள், வளையம் இருக்கிறதா, என்ன நிறம். பிறகு அது வரும்போது மற்றது என்ன செய்கிறது என்று பாருங்கள். தலையைத் தாழ்த்தி வணங்கி மெல்லக் கூவினால் இணை. நகத்தை நீட்டிப் பாய்ந்தால் ஊடுருவல். ஊடுருவல் நடந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள், நிர்வகிப்பவர்களுக்கு அது பயன்படும்.

உண்மையான அவசரம்

குஞ்சின் காலிலோ கழுத்திலோ நூல், மீன்பிடி நரம்பு, கம்பி சிக்கியிருப்பது. ரத்தம். ஒரு இறக்கை தொங்கியபடியே இருக்கும் பெரிய பறவை. விளிம்பில் தலைகீழாகத் தொங்கும் குஞ்சு. இவற்றுக்குப் பொறுத்துப் பார்ப்பது சரியில்லை, உடனே சொல்லுங்கள்.

சாட்டில் எழுதினால் மட்டும் போதாது, அது ஒரு நிமிடத்தில் மேலே ஓடிவிடும். நேரலைக்குக் கீழே இருக்கும் விளக்கத்தில் நடத்துபவர்களின் மின்னஞ்சலோ தொலைபேசியோ இருக்கிறதா என்று பாருங்கள், அதில் சொல்லுங்கள். திரையில் ஓடும் நேரத்தை நொடியோடு எழுதுங்கள், உங்கள் ஊர் நேரத்தை எழுதினால் அவர்களுக்குத் தேட முடியாது. எந்தக் கேமரா, படத்தில் எந்தப் பக்கம், எந்தக் குஞ்சு என்று சொல்லி ஒரு ஸ்கிரீன்ஷாட் சேருங்கள். என்ன பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். "இடது காலில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறது, கால் நகரவில்லை" என்ற ஒரு வரி போதும்.

பெர்க்லியில் விடியற்காலை மூன்று மணி என்றால் அங்குள்ளவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நம் பக்கத்தில் அது பிற்பகல். பெர்க்லி கூட்டின் இரவுகளைப் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. இரவில் ஏதாவது நடந்தால் முதலில் கவனிக்கப் போவது நம்மில் ஒருவராக இருக்கலாம், அதனால் அந்த மின்னஞ்சல் முகவரியைப் பருவம் தொடங்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.